நோன்பு முறியாத ஊசி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்முனைக்குடியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். எங்கள் ஊரில் ஒருவன் கள்ளுக் குடித்தால் தெருவே மணக்கும். பள்ளிவாசலில் அவன் பக்கத்தில் ஆள் நிற்காது. ஊசிக்கு வாடை இல்லை. டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்த நண்பன் ஒருநாள் என் தலையிடிக்கு நோவு ஊசி போட்டான். தலையிடி போனது, தலையும் சேர்ந்து போனது போல அப்படியொரு லேசு. அதற்காகவே பிறகு அடிக்கடி எனக்குத் தலையிடி வந்தது.

தங்கச்சியின் மாப்பிள்ளை லொறி ஓட்டியவர். முதுகு நோகிறது என்றார். நானே கூட்டிப்போனேன்.

நோன்பு வந்தது. நோயாளிக்கு ஊசி போட்டால் நோன்பு முறியாது என்று ஆலிம் சொல்லியிருந்தார். மூவரும் அதைப் பிடித்துக்கொண்டோம். நண்பகல் ளுஹர் தொழுதுவிட்டு டிஸ்பென்சரிப் பின்னறைக்குள் நுழைவோம்.

"வாய்க்குள்ள ஒண்டும் போகல்லியே மச்சான், நாம நல்ல நோன்பாளிகள்" என்பேன். மச்சான் சிரித்துச் சிரித்து மருந்துப் பெட்டிகளைத் தட்டிவிடுவார். கடல் றோட்டைத் தாண்டி வாசலில் வந்து நிற்கிறது, அதற்கும் ஒரு கதிரை போடு என்பார். அஸர் தொழுகையில் எங்கள் வரிசை மட்டும் மெல்ல ஆடும். மாலையில் கண் சொக்கிக் கஞ்சி குடிக்கும் எங்களைப் பார்த்து, என்ன பேணுதலான பிள்ளைகள் என்று உம்மா மெச்சுவா.

கண்ணாடி ஊசி ஒன்றுதான். விடியுமுன் ஸஹர் நேரம், எல்லா வீட்டிலும் அடுப்பெரியும்போது, நண்பன் அதை அவித்துவைப்பான். ஒருவருக்குப் போட்டபின் மறுபடி அவிக்க வேண்டும். வகுப்பில் அதைப் படிப்பித்தவனே நான். ஆனால் நோன்புப் பகலில் மண்ணெண்ணெய் அடுப்பு மணந்தால், ஒளித்துச் சமைக்கிறார்கள் என்று ஊர் கதைக்கும். அவிக்கவில்லை. மூத்தவன் என்று முதலில் எனக்கு, பிறகு நண்பனுக்கு, கடைசியில் மச்சானுக்கு. நண்பனுக்கு முந்திய வருடம் கண் மஞ்சளாகும் செங்கமாரி வந்து சுகமாகியிருந்தது. எங்கள் கும்மாளத்தில் அது யாருக்கு ஞாபகம்?

ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் மச்சானின் கண்கள் மஞ்சளாயின. வெளியில் ஊசி ஏதும் போட்டதா என்று ஆசுபத்திரியில் டொக்டர் கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார்.

"காக்கா படிச்சவரு. அவருக்கிட்டக் கேளுங்க" என்றாள் தங்கச்சி.

இல்லை என்றேன். பத்து நாளில் அவர் மவுத்தானார். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா, தெரியாது.

இதை எழுதி முடித்ததும் முதலில் தங்கச்சிக்குத்தான் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

"எனக்குத் தெரியும் காக்கா. அவரு கடைசியில எனக்கிட்டச் செல்லிட்டாரு. நீங்களாச் செல்லுவீங்கண்டுதான் இவ்வளவு காலமும் நான் கேக்கல்ல."