செயினில் தையல் மெஷின் எண்ணெய்

சித்திக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறைபடாது. குரல் மட்டும் இறங்கும். அந்தக் குரலைக் கேட்டதும் சித்தப்பா திருப்புளியைத் தேடுவார். கல்யாணமானதிலிருந்து அவர் வாய்திறந்து மன்னிப்புக் கேட்டதில்லை. சண்டைக்கு மறுநாள் குழாய் சொட்டுவது நின்றிருக்கும், கதவுக் கீல் கிரீச்சிடாது. பழுதாக ஒன்றும் கிடைக்காத ஒரு நாளில், நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றிப் பூட்டினார்.

"இந்த வீட்ல எல்லாம் நல்லா ஓடுது. அந்த மனுஷன் நாக்கு மட்டும்தான் துருப்பிடிச்சுக் கிடக்கு" என்பாள் சித்தி.

சித்தப்பா தையல் மெஷின் பழுது பார்ப்பவர். நானும் அவர்களோடு இருந்த அந்த வீட்டின் முன்னறைதான் கடை. சித்திக்கு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மோட்டார் சைக்கிளில் சின்னச் சின்ன மருத்துவமனைகளுக்குப் போய், ரத்தம் எடுத்த குப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். வண்டி அவள் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதில் வேறு யார் கை படுவதும் அவளுக்குப் பிடிக்காது. அதிலும் செயின் என்றால் ரொம்பக் கறார்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்துவாள். இன்ஜினை அணைத்துவிட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி, பழைய பல் துலக்கும் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துக் கண்ணி கண்ணியாகத் தேய்ப்பாள். உலரத் துடைத்த பிறகு, செயினுக்கென்றே விற்கும் கெட்டி எண்ணெயை உட்புறமாகச் சொட்டுச் சொட்டாக விடுவாள். இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்த பிறகுதான் வண்டி வாசலைத் தாண்டும்.

அந்த ஞாயிறும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பழுது பார்க்கக் கொடுத்த மெஷினை விசாரிக்க ஒரு டெய்லரம்மா வந்து, "பொம்பளையா இருந்துக்கிட்டு இந்த வேலையெல்லாம் செய்யறாங்களே" என்று வியந்தார்.

சித்தப்பா சிரித்தார். "அவளுக்கு ஓட்டத்தாங்க தெரியும். வண்டியைப் பாத்துக்கறதெல்லாம் நான்தான். இன்னைக்கு ஏதோ ஆசைக்குத் தொட்டுப் பாக்கறா."

சித்தி நிமிர்ந்தாள். முழங்கை வரை கறுப்பு. "உங்க கையைக் காட்டுங்க" என்றாள், இறங்கிய குரலில்.

"பாருங்க, வீட்ல எனக்கு இருக்கிற மரியாதையை" என்றார் அவர். டெய்லரம்மாவும் சேர்ந்து சிரித்தார். சித்தி பிரஷைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். செயின் அன்று தேய்த்த அளவிலேயே நின்றது.

மறுநாள் காலை சித்தி குளிக்கும்போது சித்தப்பா தன் வழக்கமான மன்னிப்பைத் தொடங்கினார். கையில் திருப்புளிக்குப் பதில் எண்ணெய்க் குப்பி. அவர் தொழிலில் எண்ணெய் என்றால் தையல் மெஷின் எண்ணெய்தான், தண்ணீர் மாதிரி ஓடும். பளபளக்கும் வரை செயினில் ஊற்றினார், துடைக்கவில்லை. விஷயத்தைச் சொல்லவும் இல்லை. அவர் செய்த நல்லதை அவளாகவே கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அவசரத்தில் கிளம்பிய அவள் குனிந்து பார்க்கவில்லை.

ஓட ஓட எண்ணெய் செயினிலிருந்து சிதறிப் பின்டயரில் படிந்தது. குப்பிகளோடு திரும்பும்போது ஒரு வளைவில் சக்கரம் வழுக்கியது. சித்தி விழுந்தாள். பெட்டி திறந்து ஒரு குப்பி உடைந்தது. நரம்பே அகப்படாத ஒரு நோயாளியின் ரத்தம் அது. நர்ஸ் குத்திக் குத்தித் தேடி எடுத்தது. எழுந்ததும் சித்தி முழங்காலைப் பார்க்கவில்லை. டயரை விரலால் தடவி முகர்ந்தாள். எங்கள் முன்னறையின் வாசனை.

பஞ்சர் கடையில் சோப்புத் தண்ணீர் வாங்கி டயரைக் கழுவி, செயினைத் துடைத்து, மற்ற குப்பிகளைப் பரிசோதனைக் கூடத்தில் சேர்த்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். சுடிதார் முழங்காலில் கிழிந்து ஒட்டியிருந்தது.

"ஐயோ, ஹேண்டில் வளைஞ்சிருக்கே. இரு, நான்..." சித்தப்பா ஸ்பேனரை எடுத்தார்.

"கையை எடுங்க."

"நல்லதுக்குத்தானே எண்ணெய் விட்டேன்?"

"யார் நல்லதுக்கு? நேத்து அந்தம்மாகிட்ட விட்ட பீலாவை நிஜமாக்கறதுக்கா? உங்களால ஒரு நோயாளியை மறுபடியும் குத்தப் போறாங்க. வாங்க, வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

"நான் எதுக்கு? போன்ல..."

"ஏறுங்க."

ஏறினார். மருத்துவமனையில் நடந்ததைச் சித்திதான் பிறகு என்னிடம் சொன்னாள். அந்த நோயாளியின் கை முழுக்க நீலத் தடிப்புகள். நர்ஸ் கட்டிலை விளக்கடிக்கு நகர்த்தியபோது சக்கரம் கிரீச்சிட்டது. சித்தப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே அந்த எண்ணெய்க் குப்பி இருந்தது. சித்தி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "இதுக்குக் கூட்டிட்டு வரல."

அவர் தொண்டையைச் செருமினார். "என்னாலதாம்மா. இவ மேல தப்பில்ல. நான்தான் கண்ட எண்ணெயை ஊத்திட்டேன். மன்னிச்சுக்கங்க."

படுத்திருந்த அந்த அம்மா ஊசியைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ரத்தம் கிடைக்கும் வரை சித்தப்பாவை அங்கேயே நிற்க வைத்தாள் சித்தி.

மாலையில் அவர் மண்ணெண்ணெயும் பிரஷுமாகச் சக்கரத்தின் முன் குந்தியிருந்தார். முழங்காலில் கட்டோடு சித்தி நாற்காலியில். "உள்பக்கம்" என்றாள். தேய்த்தார். "அந்தக் கண்ணி." தேய்த்தார். முழங்கை வரை கறுப்பாகிவிட்டது.

"வெளியாளுக்கு மட்டும் வாய் திறக்குது" என்றாள்.

அவர் பிரஷைக் கீழே வைத்தார். "டெய்லரம்மாகிட்ட நான் சொன்னது பொய். தப்புதான். வண்டியைப் பாத்துக்கறது நீதான்" என்றார்.

சித்தியின் இறங்கிய குரல் ஏறவில்லை.

"அது எனக்குத் தெரியாதா? அவங்க நாளைக்கு மெஷின் எடுக்க வருவாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. நானும் இருப்பேன்." பிறகு காலால் பிரஷை அவர் பக்கம் தள்ளினாள். "இன்னும் பாதிச் செயின் இருக்கு."