ராமன் மஞ்சளைத் துரத்திய கதை

ராமனுக்குப் பயந்து கல்வராயன் மலைக் கரடிகள் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிப் போனதாக ஒரு பேச்சு உண்டு. கிளப்பியவனும் ராமன்தான். அப்பேர்ப்பட்டவனை நர்ஸ் மணிமொழி, கர்ப்பமாயிருந்த அவன் மனைவியின் ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றைக் காட்டி உட்கார வைத்துவிட்டார்.

“ராமா, தேவிப்ரியா ரத்தத்துல காமாலைக் கிருமி இருக்குது. ஹெபடைட்டிஸ் பி. வெளிய ஒண்ணும் தெரியாது. ஆனா பொறக்கும்போது கொழந்தைக்கு ஒட்டிக்கும். ஆஸ்பத்திரில பெத்தா பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள ரெண்டு ஊசி போட்டுக் காப்பாத்திக்கலாம். வூட்ல பெத்துக்காதீங்க.”

காமாலை என்றால் குழம்பில் மஞ்சள் போடக் கூடாது என்பது ராமன் வீட்டு வழக்கம். அவன் அதோடு நிற்கவில்லை. மஞ்சள்தூள் டப்பா போயிற்று. பூசணிப்பூ போயிற்று. கால் மஞ்சளாயிருந்த பாவத்துக்குச் சேவலும் அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

“என் தாலிக்கயித்த இன்னா பண்ணப் போற மாமா?” என்றாள் தேவிப்ரியா.

ராமன் யோசித்தான். “கரி பூசிக்கலாமா?”

“உன் மூஞ்சில பூசிக்க. வண்டிக்குச் சொல்லி வெச்சியா?”

சொல்லவில்லை. மஞ்சளைத் தேடவே நேரம் போதவில்லை.

ஒன்பதாம் மாதம் நல்ல மழையில் வலி கண்டது. ஆம்புலன்ஸ் வேறு பிரசவத்துக்குப் போயிருந்தது. வர இரண்டு மணி நேரமாகுமாம். ஊரில் இருந்த ஒரே வண்டி முருகனின் பிக்கப். ராமன் தார்ப்பாயைத் தூக்கினான். உள்ளே சந்தைக்குப் போகும் மஞ்சள் மூட்டைகள்.

“இன்னா பாத்துக்கினு நிக்கிற?” என்றாள் தேவிப்ரியா.

“மஞ்சளு மேலயா…”

“பன்னெண்டு மணி நேரம்னு நர்சம்மா சொன்னது கொழந்தைக்கு. எனக்கு அவ்ளோ பொறுமை இல்ல. ஏத்து.”

ஏற்றினான். மலை இறங்கும்வரை ஒரு வளைவு விடாமல் தும்மினான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில், மஞ்சள் அபிஷேகம் முடிந்த சாமி போல இறங்கிய ராமனைத்தான் ஸ்ட்ரெச்சர் தள்ளி வந்தவர் முதலில் படுக்கச் சொன்னார்.

பெண் குழந்தை. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தொடையிலும் ஊசி ஏறியது. வீட்டுக்காரருக்கும் பரிசோதனை வேண்டும் என்றார்கள். அவன் கையைப் பிடிக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். அவனுக்குக் கிருமி இல்லை. அவனுக்கும் தடுப்பூசி போட்டார்கள். ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம் என்று மகளின் அடுத்த ஊசிகளுக்கு ராமனே அவளைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஒரு வயதில் குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

“உன் பொண்ணுக்குக் கிருமி இல்லப்பா” என்றார் மணிமொழி.

அந்தத் தாளை ராமன் மடிக்கவே இல்லை. மலை முழுக்க ஏந்திக்கொண்டு நடந்தான். எழுத்தறியாதவர்களிடமும் நீட்டி, அவர்கள் தலையாட்டும்வரை நகரவில்லை.