ஒயரைப் பிடுங்கிய மூன்று காலைகள்

போர்டு ஏன் நின்றது என்று தெரிந்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அடுப்பில் பால் பொங்குகிறதா, அதைப் போய்ப் பாருங்கள். சரி, நகரமாட்டீர்கள். சொல்கிறேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் தையல் செக்கிங்கில் இருந்தேன். ரிடையர் ஆனபின் எனக்கு வேலை கொடுத்தவள், பெங்களூரில் இருக்கும் என் பேத்தி எஸ்தர். பிஸ்கட் அளவு எலக்ட்ரானிக் போர்டு ஒன்றை, தண்ணீர் மட்டம் பார்க்க, மாடித் தொட்டியோடு ஒயரில் இணைத்துவிட்டுப் போனாள். கம்ப்யூட்டரில் இருப்பதுபோல் அதற்குள்ளும் குட்டியாக ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கிறதாம். தன் ஆபீஸ் வேலையாக அதைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு நாள் நிக்காம ஓடணும் ஆயா. பச்சை லைட்டு மின்னுச்சுன்னா நோட்டுல டிக் போடு. நின்னா மட்டும் போன் பண்ணு."

"ஓடுனா?"

"ஓடுனா எதுக்கு போன்?"

கம்பெனியிலும் இப்படித்தான். ஓடுகிற மெஷின் பக்கம் மெக்கானிக் எட்டிப் பார்க்கமாட்டார். ஊசி உடைந்தால் ஓடி வருவார். இரண்டு நாள் டிக் போட்டேன். வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும்தான். மூன்றாம் நாள் காலை தொட்டி ஒயரைப் பிடுங்கினேன். லைட் நின்றது. போன் போட்டேன்.

"ஒயர் கழண்டிருக்கா பாரு ஆயா."

"கெட்டியா இருக்கு."

முக்கால் மணி நேரம் பேசினாள். நடுவில் நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்டாள். போனை வைத்ததும் ஒயரைச் செருகினேன். அடுத்த இரண்டு காலையும் அதே வேலை.

மூன்றாவது போனில் நான் சாப்பிட்டேனா என்று அவள் கேட்கவில்லை. "தூங்கவே இல்ல ஆயா. எங்க தப்புன்னே தெரியல. பத்து நாள்ல இது ஒழுங்கா ஓடலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னுட்டார் மேனேஜர்."

கெட்ட தையலை நான் ஒருநாளும் பாஸ் பண்ணியதில்லை. இப்போது நல்ல தையலை ரிஜக்ட் பண்ணியிருக்கிறேன்.

"ஒயர நான்தான்மா புடுங்குனேன்."

"ஏன் ஆயா?"

"நின்னாதானே நீ பேசுற."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. "மூணு நாளுக்கும் 'நான் புடுங்குனேன்'னு நோட்டுல எழுது. முதல்லேர்ந்து ஆரம்பி. இன்னொரு வாட்டி கை வெச்ச, அவ்ளோதான்."

வைக்கவில்லை. ஏழு நாளும் ஓடியது. அந்த வேலை அவள் கையிலேயே தங்கியது. செக்கிங்கில் உட்காருகிறவர்கள் கண்ணில் பட்டதைத்தான் எழுதவேண்டும், மனசு கேட்டதை அல்ல.

பக்கத்து வீட்டு ஷாகிரா, "போர்டு இன்னாக்கா ஆச்சு?" என்றாள்.

"நல்லா ஓடுது" என்றேன். "அதான் பேஜாரு."