அவன் ஏன் ஓட வேண்டும்?

தெருவில் அவரைப் பேய்க்காரர் என்றுதான் சொல்வார்கள். பேய்ப் படங்களுக்குத் திரைக்கதை எழுதுவது அவர் பிழைப்பு. கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவார் என்பது வீட்டுக்குள் மட்டும் தெரிந்த செய்தி.

எழுதிய காட்சி முதலில் போவது தயாரிப்பாளரிடம் அல்ல, சமையலறைக்கு. மனைவி காய் நறுக்கிக்கொண்டிருப்பார். இவர் கதவருகே நின்று வாசிப்பார். கத்தி நின்றால் காட்சி தேறியது. நிற்காவிட்டால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுத உட்காருவார்.

"கண்ணாடிக்குள்ள இருந்து ஒரு கை நீளுது."

"நீளட்டும். அப்படியே அந்த உப்பு டப்பாவை எடுங்க."

அந்தக் காட்சி அத்தோடு செத்தது. "பேய்க்கு வாழ்க்கைப்பட்டா முருங்கை மரம் ஏறணும்னு சொல்வாங்க. என் விஷயத்துல வெங்காயத்தோட போச்சு" என்று அந்த அம்மாள் விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு. படங்கள் ஓடின. கத்தியைப் பற்றி எந்த இயக்குநருக்கும் தெரியாது.

ஒரு காலையில் அவர் மனைவி மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். காட்சி கேட்கும் வேலை மகள் தலையில் விழுந்தது. மகள் லிஃப்ட் பரிசோதிக்கும் பொறியாளர்.

"லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்குது. கதவு தானா திறக்குது. எதிர்ல வெறும் சுவர். சுவர்ல ஈரமா ஒரு கைத்தடம்."

"நடுவுல கதவு திறக்காதுப்பா. இன்டர்லாக் இருக்கு."

"பேய் திறக்குதும்மா."

"யார் திறந்தாலும் அப்படித்தான்."

அவர் தாளை மடித்தார். "உங்கம்மா இவ்வளவு மோசமில்ல."

நெடுநாள் கழித்து ஒரு பட வாய்ப்பு வந்தது. இதுவும் கைநழுவினால் இனி யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். கதை இதுதான்: இறந்துபோன மனைவி வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். சமையலறையில் அவளைப் பார்த்த கணவன் ஓடுகிறான். அந்த ஓட்டத்தின்மேல்தான் மொத்தப் படமும் நிற்கிறது. மற்றதையெல்லாம் அவர் மளமளவென்று எழுதிவிட்டார். ஓட்டத்தில் பேனா நின்றது. அவர் எழுதிய கணவன் திரும்பிப் பார்த்து, "வா, உக்காரு. ஏன் இவ்வளவு லேட்டு?" என்றான்.

படத்தின் இளம் இயக்குநர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சார், பார்த்ததும் ஓடணும் சார்."

"யாரைப் பார்த்து?"

"பேயைப் பார்த்து."

"அது அவன் பொண்டாட்டிப்பா."

"செத்துப்போன பொண்டாட்டி சார்."

"தெரியும். அவன் ஏன் ஓடணும்?"

இயக்குநர் மகள் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்களாவது சொல்லுங்க. வேற ஆளை வச்சு எழுதினா சார் பேரைப் போடமாட்டாங்க."

இயக்குநர் கிளம்பிய பிறகு மகள் சொல்லிப் பார்த்தாள். "ஒரு ஓட்டம்தானேப்பா. எழுதிக் கொடுத்துடுங்க."

முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு தாளில் கணவன் வாசல்வரை ஓடி, அவளை எப்படித் தனியே விட்டுப்போவது என்று திரும்பினான். இன்னொன்றில் மாடிப்படி ஏறினான். அவளுக்கு மூட்டுவலி என்று நினைவு வந்து பாதியில் நின்றான். அந்த இடத்தில் மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். "போதும்பா, விடுங்க" என்றாள்.

படத்தை வேறொருவர் எழுதி முடித்தார். வெளியானதும் அப்பாவும் மகளும் பகல் காட்சிக்குப் போனார்கள். பெயர்கள் ஓடியபோது இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் இல்லை. கதாநாயகன் அறை அறையாக ஓடினான். அரங்கம் அலறியது. பக்கத்து இருக்கைக்காரரின் பாப்கார்ன் மகள் மடியில் கொட்டியது.

"நல்லா ஓடுறான்" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "எழுதின பையனுக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்காது" என்றார்.

அடுத்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. நுரையீரல் தொற்று. துக்கம் விசாரிக்க இயக்குநர் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய வீட்டுல தனியா இருக்கீங்களே அக்கா. பயமா இல்லையா?"

மகள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இதுவரைக்கும் யாரும் வரல" என்றாள்.