எந்தப் புற்று

தர்மனுக்குப் புற்று என்றால் பாம்புப் புற்றுதான். எங்கள் நெசவாளர் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் அவர் மனைவி அம்சவேணியின் மார்பில் கட்டி வந்தது. உள்ளூர் டாக்டர், "புத்து மாதிரி இருக்குதும்மா, உடனே மெட்ராஸ் போங்க" என்றார். அவள் காதில் முதல் சொல் மட்டும்தான் விழுந்தது. நாகதோஷம் என்று அடித்துச் சொன்னவர்கள் நாங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் புற்றுக்குப் பால் ஊற்றினாள், முட்டை வைத்தாள், புற்றுமண்ணைக் குழைத்துக் கட்டியின்மேல் பூசினாள். பத்து மாதம் கழித்து மெட்ராஸ் டாக்டர் துணியை விலக்கி, காய்ந்திருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு தர்மனைப் பார்த்தார். அந்தப் பார்வையைத் தர்மன் எங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

அம்சவேணி இறந்துபோய் இரண்டு வருடம் கழித்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுகிறார்கள் என்று பேப்பரில் படித்தார். மார்கழிக் குளிரில் பர்வதமலைக்கு நடந்தே போய், ஏறி இறங்கி வருவதாகவும், வழியெல்லாம் அதற்கு உண்டியல் குலுக்கப் போவதாகவும் சொன்னார். காசு பெரிதில்லை அவருக்கு. இது அந்தப் புற்று இல்லை என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டும், அதுதான் வெறி.

"தறிக்குழியில கால் மிதிக்கிறவரு மலை ஏறப் போறாராம்பா" என்று தெருவையே சிரிக்க வைத்தேன். அவர் காதில் விழுந்தது. பிள்ளைகளைத் தங்கை மணியம்மாளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

தகர டப்பாவில் 'புற்றுநோய் ஆராய்ச்சி நிதி' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது. படிக்கத் தெரிந்தவர்களும் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டார்கள். தூசி கிராமத்தில் ஒருத்தி டப்பாவுக்குள் பாலையே ஊற்றிவிட்டாள்.

"இது வியாதிம்மா. மாருல கட்டி வந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. மண்ணு பூசாதீங்க" என்று தர்மன் மன்றாடினார்.

"சாமி நம்மள சோதிக்குது" என்றாள் அவள்.

கோபத்தில் கத்தினார். அருள் வந்துவிட்டது என்று காலில் விழுந்தார்கள். அவர் உட்கார்ந்து எழுந்த இடத்து மண்ணை அள்ளி முடிந்துகொண்டார்கள். போளூர் போய்ச் சேருவதற்குள் புற்றுச் சாமியார் என்று பெயர் வைத்துவிட்டார்கள்; அந்தப் பேச்சு எங்கள் தெருவரைக்கும் வந்து சேர்ந்தது. மலையில் குளிர் அவர் பாதத்தைப் பாளம் பாளமாக வெடிக்க வைத்தது. காய்ச்சலோடு உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினாராம். ஒரே ஒருத்தராவது கேட்டிருந்தால் போதும் என்று அதையும் தாங்கியிருக்கிறார்.

பொங்கலுக்கு முந்தின நாள் வீடு வந்து சேர்ந்தார். மணியம்மாள் வெந்நீரில் காலைக் கழுவிவிட்டாள். பார்த்துப் போகலாம் என்று நானும் போயிருந்தேன்.

"அண்ணா, எனக்கும் அக்குள்ல ஒரு கட்டி இருக்குது" என்றாள் அவள், தலை நிமிராமல். "தீபாவளியிலேந்தே. சொன்னா நீ போவமாட்டேன்னு சொல்லல."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"இன்னாத்துக்குண்ணா?" மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். "தூசியில நீ உக்காந்த எடத்து மண்ணு. பூசினதுலேந்து வலியே இல்ல. நம்ம கண்ணாயிரம் அண்ணன்தான் பஸ்ஸுல போயி எடுத்துக்கினு வந்தாரு."

கண்ணாயிரம் நான்தான். அவரைக் கேலி செய்த அதே வாயோடுதான் தூசிக்கு டிக்கெட் கேட்டேன். அழுதுகொண்டு வந்து கேட்டாள், நானும் நம்பினேன்.

தர்மன் பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெட்ராஸ் டாக்டர் அவரை எப்படிப் பார்த்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.