இந்துமதி அக்கா பிரித்து வைத்த பாதி

இந்துமதி அக்கா இறந்த செய்தியை எங்களுக்குச் சொல்வதற்கு முன்பே அவருடைய அறைச் சாவியைக் கேட்டார் என் மாமா. காலை ஏழு மணி இருக்கும். நான் குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தேன். "மாடி ரூம் சாவி எங்க கண்ணு?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் அம்மாவிடம் சொன்னார்: "அக்கா, அந்தப் பொண்ணு போயிட்ச்சி. அனந்தபுரம் ரோட்டுல லைட்டு இல்லாம நின்ன கரும்பு டிராக்டர்ல வண்டிய வுட்டுட்ச்சி. நான் பாத்துட்டுதான் வரேன்."

அது விபத்துதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு மரணத்தைப் பார்த்துவிட்டு நேராக வருகிற மனிதர் எதை முதலில் கேட்டார் என்பதுதான் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

அக்காவின் பேராசிரியர் போன வாரம் நைனாவுக்குப் போன் செய்து, நினைவு மலருக்கு அவர் குடியிருந்த வீட்டிலிருந்தும் ஒருவர் எழுத வேண்டும் என்று கேட்டார். "எங்க பொண்ணு பிளஸ் ஒன் படிக்குது, அது எழுதும்" என்றார் நைனா. பகலில் ஒரு பக்கம் எழுதினேன். மாமா வாங்கிப் படித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று தலையில் தட்டிக் கொடுத்தார். அக்காவுக்குப் பூனை பிடிக்கும் என்று அதில் இருந்தது. இது வேறு பக்கம். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்காவோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த உங்களுக்காக எழுதுகிறேன்.

பச்சிலை மருந்தையும் டாக்டர் கொடுத்த மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் என்ன ஆகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத அவர் செஞ்சிக்கு வந்தார். எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. "கம்பெனிக்காரி. நம்ம மேல மருந்த டெஸ்ட் பண்ண வந்துக்கிறா" என்றார் பால்காரர். ரேஷன் கார்டை வெட்ட வந்தவள் என்றாள் எதிர்வீட்டு அத்தை. அம்மா என்னை ஏவினாள்: "மேல போயி இன்னா பண்றான்னு பாத்துட்டு வா."

நான் கதவோரம் நின்று பார்த்தேன். கோட்டை அடிவாரத்து வேலியில் பறித்த முடக்கத்தான் கொடியைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, அம்மா இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த அம்மிக்குழவியை அதன்மேல் பாரமாக வைத்திருந்தார். திரும்பாமலே சொன்னார்: "உள்ள வாங்க அம்மணி. உளவுத்துறை வெளிய நின்னு பாத்தா ரிப்போர்ட்டு தப்பாப் போயிருமுங்க." பெருந்துறைப் பக்கத்துப் பேச்சு. அன்றிலிருந்து கடைசிவரை அவர் என்னை உளவுத்துறை என்றுதான் கூப்பிட்டார்.

நைனாவுக்கு ரத்த அழுத்த மாத்திரையைப் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தார்கள். அது பெரிதாக இருக்கிறது, தொண்டையில் இறங்கவில்லை என்று அவர் நசுக்கி மோரில் கலக்கினார். அக்கா படியிறங்கி வந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னாம்மா இது? என் மாத்தர, என் மோரு. உனுக்கு இன்னா?"

"இது நாள் பூரா கொஞ்சங் கொஞ்சமாக் கரையறதுக்குன்னே செஞ்சதுங்க. நசுக்கிட்டா மொத்தமும் ஒரே அடியா எறங்கிரும். மோட்டார் கொட்டாயில தலைசுத்தி விழுந்தீங்கன்னா தூக்கறதுக்கு நானா வர்றது?"

நைனா நம்பவில்லை. அக்கா இரண்டு டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் முழு மாத்திரையையும் இன்னொன்றில் நசுக்கியதையும் போட்டு ஜன்னலில் வைத்தார். நசுக்கியது உடனே கலங்கிவிட்டது. முழு மாத்திரை சாயங்காலம் வரை ஊறி வழவழவென்று அப்படியே கிடந்தது. நைனா வயலுக்குப் போய்வந்து போய்வந்து அதை எட்டிப் பார்த்தார். "உள்ளே போறது மட்டும் மருந்தில்ல, எந்த வேகத்துல போகுதுங்கறதும் மருந்துதானுங்க" என்று அக்கா சொன்னது அன்றுதான். உங்கள் ஆய்வுக்கூடத்திலும் சொல்லியிருப்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. யார் வீட்டில் எந்தப் பொடியை வாங்கினாலும் உடனே இரண்டாகப் பிரிப்பார். ஒரு பாதி சோதனைக்கு. இன்னொரு பாதியை உறையில் போட்டு ஒட்டி, வாங்கிய வீட்டுக்காரரையே அதன்மேல் கையெழுத்துப் போடச் சொல்வார். பிறகு இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைப்பார். மாடியில்தான் அவ்வளவு இடம் இருக்கிறதே என்றேன். "ரெண்டும் ஒரே இடத்துல இருந்தா அது ரெண்டில்ல அம்மணி, ஒண்ணுதான்" என்றார். இரண்டாவது பாதிகளைக் கல்லூரிக்குப் போகும்போது எடுத்துப் போவார். அதுவரை அவை என் அட்லஸுக்குள் இருக்கும். அந்தப் புத்தகத்தை எங்கள் வீட்டில் யாரும் திறப்பதில்லை.

மலரில் அச்சிடுவதானால் இதுவரைக்கும் அச்சிடுங்கள். இதற்குக் கீழே உள்ளதை அச்சிட வேண்டாம். படித்தால் போதும்.

என் மாமா மூட்டுவலிக்கு முடக்கத்தான் பொடி விற்கிறார். வெளியூரிலிருந்து மூட்டையாக வாங்கி, சின்னப் பொட்டலமாகக் கட்டிச் சந்தையில் விற்பார். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. மணிலாக் கடலை பிடுங்கும் நாளில் நின்றபடியே அழுவாள். மாமா பொடி கொடுத்த மூன்றாம் நாள் அவள் குத்துக்காலிட்டுப் பாத்திரம் துலக்கினாள். நாங்கள் சந்தோஷத்தில் பாயசம் வைத்தோம். அக்கா பாயசத்தை வாங்கிக்கொண்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பச்சிலை இவ்வளவு அவசரப்படாதுங்க அம்மணி."

இரண்டு மாதத்தில் அம்மாவின் முகம் உருண்டையாகிவிட்டது. தேறிவிட்டாள் என்றது தெரு. கையில் இடிக்காமலே நீலம் நீலமாகத் திட்டு வந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார்கள். வலியைச் சட்டென்று அடக்கிவிட்டு முகத்தை ஊதவைத்துச் சர்க்கரையையும் ஏற்றுகிற மாத்திரையை யாரோ அரைத்து அந்தப் பொடியில் கலந்திருக்கலாம், சோதித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் அக்கா. அம்மா கையெழுத்துப் போட்டு ஒரு பொட்டலம் கொடுத்தாள். ஆனால் நம்பவில்லை. "என் தம்பி எனுக்கு வெசமா குடுப்பான்? போம்மா, போயி வேலயப் பாரு."

அக்கா அதைச் சோதனைக்கு அனுப்புவதற்கு முன்னால் மாமாவிடமே நேரில் கேட்டார். ஒருவரைப் பற்றி எழுதும் முன் அவரிடம் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதை மட்டும் அவர் செய்யாமல் இருந்திருக்கலாம். "மூட்ட எங்கருந்து வருதுன்னு எனுக்கே தெரியாது" என்று மாமா சிரித்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "மாமா, உங்க வீட்டு அத்தைக்கும்தான் முட்டி வலி. அவுங்களுக்கு ஏன் இந்தப் பொடி தர்ல?" என்றேன். சிரிப்பு நின்றது. "அவளுக்கு ஒத்துக்காது" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

நான்கு நாள் கழித்துத்தான் அந்த டிராக்டர்.

அக்காவின் தம்பி ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் மாமா அறையை ஒழித்துப் பெருக்கிவிட்டார். செடி ஒட்டிய தாள்கள் இருந்தன. குழவி இருந்தது. பொட்டலங்களும் அக்கா எழுதிவந்த நோட்டும் இல்லை. அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டுவிட்டார், "உங்கிட்ட எதுனா குடுத்து வச்சிதா கண்ணு?" என்று. இல்லை என்றேன். அவர் என் பள்ளிப்பையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார்.

அம்மா இன்று காலையும் பொடி சாப்பிட்டாள். அதைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்ட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் சந்தேகம் சரியானால் திடீரென்று நிறுத்தவே கூடாது, ஆள் சரிந்துவிடும், டாக்டர் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று அக்கா என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதனால் தினமும் அம்மா வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் ஒரு டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப் போக நைனாவுக்குத் தைரியம் வரும். பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பள்ளிக்கூட முகவரிக்கு என் பெயர் போட்டு அனுப்புங்கள். போன் வேண்டவே வேண்டாம்.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அட்லஸில் இருந்த ஒரே உறைதான். அம்மாவின் கையெழுத்து உள்ளது. அதை இன்று இதே அடுப்படியில் பிரித்து, பொடியைச் சரியாக இரண்டாக்கினேன். கொஞ்சம் சிந்திவிட்டது. அம்மா கையெழுத்துள்ள பழைய உறையோடு ஒரு பாதி உங்களுக்கு வருகிறது. நாளை பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாலில் சேர்ப்பேன். இன்னொரு பாதி என்னிடம் இருக்கும். அட்லஸில் இல்லை. எங்கே என்று உங்களுக்கும் சொல்லமாட்டேன்.