வாய் வைத்துக் குடித்த பால்

பாலாம்பிகை மாமிக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்தது தொண்ணூற்று நாலில். முதல் வேலையாகக் கனடாவுக்குப் போய்த் தங்கையைப் பார்ப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் லண்டன் லூயிஷாமில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தவர், சேர்த்துவைத்த லீவை எடுத்துக்கொண்டு கென்யாவுக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

“யானை பாக்க உவ்வளவு தூரமோ பிள்ளை? மிருகக்காட்சிசாலைக்கு பஸ்ஸிலேயே போகலாம்,” என்றார் டூட்டிங்கில் கடை வைத்திருக்கும் சபாரத்தினம் அண்ணை.

“கூட்டுக்குள்ள நிக்கிறதையோ? விசாவுக்குக் காத்திருந்த காலமெல்லாம் நானே அப்பிடித்தானே நிண்டனான், அண்ணை. வெளியில நிக்கிறதைப் பாத்திட்டு வாறன்.”

மாமாவுக்கு ஷிப்ட். துணைக்கு நான் போனேன்.

யானைகளைக் கண்டபோது மாமி வாய்க்குள் ஏதோ தேவாரம் சொன்னார். மரநிழலில் மல்லாந்து கிடந்த ஆண் சிங்கத்தைப் பார்த்ததும், “உன்ர மாமா, ஞாயிற்றுக்கிழமை,” என்றார்.

அதன் பிறகுதான் மசாய் மக்களின் குடியிருப்பொன்றுக்குப் போனோம். நாலேபோ என்ற பெண் எங்களைத் தன் வீட்டுக்குள் அழைத்துச் சென்று, கொள்ளிக்கட்டையால் உள்ளே புகையூட்டிய சுரைக்குடுவையில் பால் தந்தார். மாமி குடுவையை உயர்த்தி, அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக் குடித்தார். ஒரு துளி சிந்தவில்லை. எங்கள் வீடுகளில் பிறர் பாத்திரத்தில் அப்படித்தான் குடிக்க வேண்டும். அதுதான் மரியாதை என்று வளர்த்திருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் மரியாதை மட்டுமே இருந்ததில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

நாலேபோவின் முகம் வாடிவிட்டது. மெல்ல ஏதோ சொன்னார்.

“என் குடுவை உங்களுக்கு அருவருப்பா என்று கேட்கிறார்,” என்றார் வழிகாட்டி.

அந்த வாட்டம் மாமியும் ஒருகாலத்தில் பட்டதுதான். லண்டனில் சேர்ந்த முதல் வேலையிடத்துக்கு ஒரு நாள் வடை சுட்டுக் கொண்டுபோனார். ஒருவரும் தொடவில்லை. மூடிய பெட்டியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

“எங்கட பழக்கம் எண்டு சொல்லு தம்பி.”

நான் ஆங்கிலத்தில் விளக்கினேன். வழிகாட்டி அதை அவர்கள் மொழியில் சொன்னார். நாலேபோ தலையாட்டினார், ஆனால் நிமிரவில்லை.

“விடு. கதைச்சு இதைத் தீர்க்க ஏலாது,” என்றார் மாமி.

இரண்டு கைகளையும் நீட்டிக் குடுவையை மறுபடி கேட்டு வாங்கினார். விளிம்பில் வாயை வைத்தார். நன்றாக, நிதானமாகக் குடித்தார். மேலுதட்டில் வெள்ளைக் கோடு விழுந்தது. நாலேபோ பார்த்துக்கொண்டே இருந்தவர், திடீரென்று சிரித்தார். குடுவையை வாங்கி, துடைக்காமல், அதே விளிம்பில் தானும் குடித்துவிட்டு மாமியிடமே திருப்பிக் கொடுத்தார். மாமி மறுபடி குடித்தார்.

“புகை மணக்குது. கொஞ்சம் சீனி போட்டால் இன்னும் திறம்,” என்று என் காதுக்குள் சொன்னார்.

லண்டனுக்குத் திரும்பியதும், நான் எடுத்த படங்களைப் பார்க்கச் சனம் வந்தது. சபாரத்தினம் அண்ணையின் கண் ஒரு படத்தில் நின்றுவிட்டது.

“இதென்ன பிள்ளை, எச்சில் பண்ணியோ குடிக்கிறீர்?”

“ஓம் அண்ணை. அவவும் நானும் மாறி மாறிக் குடிச்சு முடிச்சம்,” என்று சொல்லிவிட்டு, மாமி அவருக்குத் தேத்தண்ணீர் போட எழுந்து போனார்.

யானைகளெல்லாம் ஆல்பத்துக்குள் இருக்கின்றன. லூயிஷாம் வீட்டுக் கூடத்தில், பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பது அந்த ஒரு படத்தைத்தான்: மாமி, மேலுதட்டில் பாலோடு.